பொம்மை வீட்டுக்கு ஏழு ரக்கு

வாங்க அம்மிணி, உள்ள வாங்க. செருப்பை அங்கயே விடுங்க, நாய் கீய் ஒண்ணும் கிடையாது. மேல் வீடு பாக்கத்தானே வந்தீங்க? பாக்கலாம், வீடு எங்கயும் ஓடிப் போயிராது. முதல்ல ஃபேனுக்கடியில உக்காருங்க. ஐப்பசி பொறந்து பத்து நாளாச்சு, வெயிலைப் பாருங்க. கரூர்ல மழைக்காலம்னு தனியா ஒண்ணு கிடையாதுங்க. வெயில் ரெண்டு நாள் லீவு போட்டா அதுதான் மழைக்காலம். இந்தாங்க, தண்ணி குடிங்க.

புரோக்கர் அனுப்புனாருங்களா? ஓ, கேட்ல தொங்குற போர்டைப் பார்த்தே வந்துட்டீங்களா. அதுவும் நல்லதுதான். அந்த புரோக்கர் இப்பல்லாம் இந்தப் பக்கம் ஆளே அனுப்புறதில்ல. என்ன கோவமோ தெரியல.

என்னங்க கேட்டீங்க? முன்னாடி இருந்தவங்க ஏன் காலி பண்ணாங்களா? எல்லாரும் இதைத்தான் முதல்ல கேக்குறாங்க. உங்களுக்கு முன்னாடி வந்த நாலு பேரும் கேட்டாங்க. எனக்கு ஒளிச்சு மறைச்சுப் பேச வராது. நாலு பேருகிட்டயும் ஒண்ணு விடாமச் சொன்னேன். கேட்டுக்கிட்டாங்க. வீட்டுக்காரர்கிட்ட கலந்துட்டு ஃபோன் பண்றோம்னு சொல்லிட்டுப் போனாங்க. ஒருத்தரும் பண்ணல. இந்தக் காலத்துல வீட்டுக்காரருங்க எல்லாம் ரொம்பக் கண்டிசன் போடுறாங்க போல.

என் பேரு ரங்கநாயகி. இந்த வெங்கமேட்டுல சாம்பிள் ரங்கநாயகின்னா யாருக்கும் தெரியும். முப்பத்தோரு வருசம் ஒரே எக்ஸ்போர்ட் கம்பெனி, ஒரே சாம்பிள் செக்‌ஷன். கட்டிலுக்கடியில போடுறது, பாத்ரூம் வாசல்ல போடுறது, கால் வெக்கிற விரிப்பு எதுவா இருந்தாலும் நாங்க ரக்குன்னுதான் சொல்லுவோம். வெளிநாட்டுல இருந்து பையரு, சரக்கு வாங்குறவன், ஒரு படம் அனுப்புவான். அதைப் பார்த்து முதல் ரக்கை நான் போடணும். அது அவனுக்குப் பிடிச்சாத்தான் மிச்சம் எத்தனை ஆயிரம் பீஸோ தறியில ஏறும். என் கையில அளவு தப்பாதுங்க. டேப்பே வேண்டாம். உங்க துப்பட்டா இருக்கே, ரெண்டே கால் மீட்டர். வீட்டுல போய் அளந்து பாருங்க. கண்ணு கொஞ்சம் மங்குதுன்னு நான் கண்ணாடியை மாத்தினேன், அவங்க ஆளையே மாத்திட்டாங்க. ஆச்சு, ரெண்டு வருசம்.

எங்க வீட்டுக்காரரு பஸ் பாடி கட்டுற பட்டறையில வேலை பார்த்தாரு. அவரு போயி எட்டு வருசம். குழந்தை குட்டி இல்ல. நீங்க கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லிடுறேன். இல்லேன்னா, கேக்கலாமா கூடாதான்னு டம்ளரையே பார்த்துட்டு உக்காந்திருப்பீங்க.

வாடகைக்காக நான் போர்டு மாட்டலைங்க. எனக்கு ஒரு வயிறு, அதுக்கு என்ன வேணும். மேல ஆள் நடக்குற சத்தம் வேணும். அதுதான். அஞ்சே முக்காலுக்கு குக்கர் விசில் அடிக்கும். ஆறரைக்கு, பல்லு விளக்க மாட்டேன்னு குழந்தை அழுவும். ஏழே காலுக்கு குழந்தையோட அப்பா ஷூ போட்டுட்டு டக்கு டக்குன்னு நடப்பாரு. அதைக் கேட்டு கேட்டுத்தான் நான் எந்திரிப்பேன், சோறு வடிப்பேன், சாப்பிடுவேன். இப்ப மூணு மாசமா மேல ஒரு சத்தம் இல்ல. கடிகாரம் பார்த்துச் சாப்பிடுறேன். கடிகாரம் பார்த்துச் சாப்பிட்டா சோறு இறங்க மாட்டேங்குது அம்மிணி.

மேல இருந்தவங்க நாகர்கோவில் பக்கத்து ஆளுங்க. அவரு ஜெனிஷ், பேங்க்ல ஆபீசரு. சம்சாரம் ஷைலா. ஒரே குழந்தை பெனிட்டா, ரெண்டாங்கிளாஸ். நல்ல குடும்பம், ஒரு குத்தம் சொல்லக் கூடாது. ஷைலாதான் கொஞ்சம் ஒதுக்கம். நான் மேல போனா கதவை ஒரு சாண் திறந்து, அந்தச் சந்துலயே நின்னு பேசும். சாம்பார் கொண்டு போனா வாங்கிக்கிட்டு, “தேங்க்ஸ் ஆன்ட்டி”ன்னு கதவைச் சாத்திரும். கிண்ணம் மறுநாள் கழுவித் துடைச்சு படிக்கட்டுல உக்காந்திருக்கும். கூச்ச சுபாவம். ஒண்ணரை வருசத்துல நான் எத்தனை கிண்ணம் சாம்பார் குடுத்திருப்பேன், அந்தக் கூச்சம் போகவே இல்ல.

போன கிறிஸ்துமஸுக்கு, குழந்தையோட மாமா துபாயில இருந்து ஒரு பொம்மை வீடு கொண்டாந்து குடுத்தாரு. மரத்துல செஞ்சது. முன்பக்கம் முழுசும் பீரோ மாதிரி ரெண்டு கதவு. திறந்தா மூணு மாடி, ஆறு ரூம், நடுவுல படிக்கட்டு. கட்டில் இருக்கு, மேசை இருக்கு, என் கட்டைவிரல் நீளத்துக்குக் குளிக்கிற தொட்டி இருக்கு. அப்பா, அம்மா, ஒரு பொண்ணு, ஒரு குட்டிப் பையன்னு நாலு பொம்மை. அதைக் கொண்டாந்த அன்னிக்கு நான் படியில நின்னு பார்த்தேன். உள்ள வாங்கன்னு ஷைலா கூப்பிடல, பாவம், வீடெல்லாம் போட்டது போட்டபடி கிடந்திருக்கும்.

பங்குனியில ஒரு சாயந்திரம் பெனிட்டா கீழ இறங்கி வந்துச்சு. நேரா இதோ இங்க வந்து நின்னு, “ஆன்ட்டி, உங்ககிட்ட நூல் இருக்கா?”ன்னு கேட்டுச்சு.

“எதுக்கு சாமி?”

“எங்க குட்டி வீட்டுல தரை வழுக்குது ஆன்ட்டி. பொம்மை எல்லாம் விழுந்துட்டே இருக்கு.”

என்கிட்ட நூல் இருக்கான்னு கேக்குது! கட்டிலுக்கடியில ரெண்டு மூட்டை வெச்சிருக்கேனுங்க. கோன்ல மிஞ்சினது, கம்பளி நூல், கலர் கலரா. கம்பெனியில தூக்கிப் போடுறதை எல்லாம் நான் தூக்கிட்டு வந்துருவேன். வேலையை விட்டதுல இருந்து அந்த மூட்டையைப் பிரிக்கல. அன்னிக்குத்தான் பிரிச்சேன்.

எப்படிப் போட்டேன்னு கேளுங்க. கல்யாணப் பத்திரிகை அட்டை ஒண்ணை எடுத்து, மேலயும் கீழயும் நெருக்கமா வெட்டு விட்டு, அதுல வெள்ளை நூலை நெடுக்கப் பாவா இழுத்துக் கட்டினேன். கம்பளி நூல் மூணு பிரியா இருக்கும், அதைப் பிரிச்சு ஒத்தைப் பிரி ஆக்கி, பூ வேலை ஊசியில கோத்து மேல கீழ, மேல கீழன்னு ஓட்டணும். இறுக்கித் தட்டுறதுக்குத் தறியில பலகை இருக்கும். இதுக்கு எங்க போறது? பேன் சீப்பால தட்டினேன். சிரிக்காதீங்க, அதைவிடப் பொருத்தமா ஒண்ணு கடையில காசு குடுத்தாக்கூடக் கிடைக்காது. அளவு, அன்னிக்குப் படியில நின்னு பார்த்த கண் அளவுதான். நீலத்துல நடு, சிவப்புல ரெண்டு கரை, ரெண்டு பக்கமும் அரிசி நீளத்துக்குக் குஞ்சம். ஒரு ரக்குக்கு ரெண்டு நாள் ஆச்சு. அந்த ரெண்டு நாள் எப்படிப் போச்சுன்னே தெரியல.

குழந்தை தூக்கிட்டு மேல ஓடுச்சு. அஞ்சு நிமிசத்துல திரும்பி வந்துச்சு. “ஆன்ட்டி, இது பெருசா இருக்கு. வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது. வீட்டுக் கதவை மூட முடியல.”

எனக்கு எப்படி இருந்திருக்கும்! முப்பத்தோரு வருசத்துல என் ரக்கைப் பெருசுன்னு ஒருத்தன் சொன்னதில்ல. அப்பறம்தான் மண்டையில அடிச்சுக்கிட்டேன். பருத்தி ரக்கு தறியை விட்டு இறங்கித் தண்ணி பட்டா சுருங்கும். அதனால நாங்க எப்பவும் கொஞ்சம் கூட்டித்தான் போடுவோம். கை அதுபாட்டுக்குக் கூட்டிப் போட்டிருக்கு. தண்ணி படாம ரக்கு சுருங்குமா? அதுவும் பொம்மை வீட்டு ரக்கை யாரு துவைக்கப் போறா? பழக்கம் ஆளை அப்படிக் கெடுத்து வெச்சிருக்கு.

சரி, சரியான அளவைக் கொண்டா சாமின்னேன். குழந்தை ஸ்கேல் வெச்சு அளந்து எழுதிட்டு வந்துச்சு. அந்த அளவுக்குப் போட்டேன். அதுவும் ஒரு சென்டிமீட்டர் நீளம். என்னன்னு பார்த்தா, ஸ்கேல்ல பூஜ்யத்துல இருந்து அளக்காம ஒண்ணுல இருந்து அளந்திருக்கு. பச்சைக் குழந்தை, அதுக்கு என்ன தெரியும். நானே மேல வந்து அளக்குறேன்னேன். குழந்தை அம்மாகிட்டக் கேட்டுட்டு வந்து, “இன்னிக்கு வேண்டாமாம் ஆன்ட்டி, அப்பறமா”ன்னுச்சு. மறுநாள் கேட்டேன், அன்னிக்கும் அப்பறமா. இப்படியே ஒரு மாசம் அப்பறமா.

மே மாசம் லீவுக்கு ஊருக்குக் கிளம்பினாங்க, பதினஞ்சு நாள். ஆட்டோவுல பெட்டி ஏத்துறாங்க, குழந்தை ஜன்னல்ல தலையை நீட்டி, “நான் வர்றதுக்குள்ள எல்லா ரூமுக்கும் போட்டு வெச்சிருங்க ஆன்ட்டி!”ன்னு கத்துச்சு.

அது ஆர்டர்தானுங்களே? நீங்களே சொல்லுங்க. ஆறு ரூமு, படிக்கட்டுக்கு ஒண்ணு, ஆக ஏழு. தேதியும் சொல்லிட்டுப் போயிருச்சு. எங்க தொழில்ல தேதி சொல்லிட்டா அது சாமி வாக்கு. அளவு மட்டும் என்கிட்ட இல்ல. அளவு இல்லாம எவளாலயாவது சாம்பிள் போட முடியுமா?

மேல் வீட்டுக்கு ஒரு சாவி என்கிட்டயும் இருந்துச்சு. வீட்டுச் சொந்தக்காரிகிட்ட ஒண்ணு இருக்கணுமில்ல, குழாயைத் திறந்து போட்டுட்டுப் போயிட்டாங்கன்னா என்ன பண்றது? டேப்பை எடுத்துக்கிட்டுப் போனேன். ஆறு ரூமும் அளந்தேன், படிக்கட்டை அளந்தேன், எழுதிக்கிட்டேன், பூட்டினேன், இறங்கினேன். கால் மணி நேரம். அவ்வளவுதான் முதல் நாள்.

ரெண்டாம் நாள் அட்டையை வெட்டிக் கொண்டு போய் வெச்சுப் பார்த்தேன். வெச்சுப் பாக்காம நூலைத் தொடக் கூடாது. மூணாம் நாள்தான் கவனிச்சேன், அந்தக் குழந்தையோட ரூம்ல கிழக்கு வெளிச்சம் எப்படி வருதுன்னு. இங்க கீழ எனக்கு மத்தியானத்துலயும் லைட்டு போடணும். அதனால நூலையும் அட்டையையும் மேலயே கொண்டு போயிட்டேன். காலையில ஒன்பதுக்குப் போனா சாயந்திரம் அஞ்சுக்கு இறங்குவேன், கம்பெனிக்குப் போற மாதிரி.

சும்மா உக்காந்திருக்கலைங்க. ஃபிரிட்ஜ்ல ஒரு பால் பாக்கெட் இருந்துச்சு, கெட்டுப் போயிருமேன்னு எடுத்து டீ வெச்சுக் குடிச்சேன். பால்கனித் தொட்டிச் செடிக்குத் தண்ணி ஊத்துனேன். ஷைலா மெத்தை உறையை மாத்தாமப் போயிருந்துச்சு, துவைச்சு, காயப் போட்டு, திருப்பிப் போட்டு விட்டேன். அதையெல்லாம் நான் யாருகிட்டயும் சொல்லல. நல்லது பண்ணிட்டுச் சொல்லிக் காட்டுறது எனக்குப் பிடிக்காது.

பொம்மைங்களைத்தான் பாக்க முடியல. கிளம்புற அவசரத்துல நாலையும் அந்தக் குட்டி வீட்டு அடுப்படியில குப்புறப் போட்டுட்டுப் போயிருந்துச்சு குழந்தை. அப்பாவையும் அம்மாவையும் எடுத்துக் கட்டில்ல படுக்க வெச்சேன். பொண்ணை அதோட கட்டில்ல. பையனுக்குக் கட்டில் இல்ல, அவனுக்குப் பச்சை ரக்கைப் போட்டு அதுல படுக்க வெச்சேன். காலையில போனதும் எழுப்பி உக்கார வெப்பேன், சாயந்திரம் படுக்க வெச்சிட்டு வருவேன். ரெண்டு வார்த்தை பேசியும் இருப்பேன், அதுக்கென்ன.

ஒரு மத்தியானம் பெனிட்டா கட்டில்ல சித்த தலையைச் சாய்ச்சேன். எந்திரிக்கிறேன், மணி நாலரை! வீட்டுக்காரரு போனதுல இருந்து மாத்திரை போடாம நான் கண் அசந்ததே இல்ல. அன்னிக்குத்தான் தூங்கினேன்.

ஒண்ணே ஒண்ணுதான் உறுத்தலா இருந்துச்சு. நான் மேல அங்கயும் இங்கயும் நடக்கிறேன், அந்தச் சத்தத்தைக் கீழ இருந்து கேக்க ஆளில்ல. யாரு நடந்து யாருக்குத் தெரியப் போவுதுன்னு தோணுச்சு. அப்பப் போய் ஊசியை எடுத்துட்டு உக்காந்துக்குவேன்.

பதினாலாம் நாள் ஏழு ரக்கும் முடிஞ்சுது. ஹாலுக்குச் சிவப்பு வட்டம், அடுப்படிக்குக் கட்டம் போட்டது, சாய்ஞ்ச கூரைக்குக் கீழ இருக்கிற ரூமுக்கு மஞ்சள், படிக்கு நீளமா ஒரு பட்டை. ஒவ்வொண்ணா விரிச்சு முன்கதவைச் சாத்தினேன். ரெண்டு கதவும் இடிக்காம, நீட்டாம, வந்து அப்படியே பொருந்துச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. பொய் சொல்லல. திறந்து திறந்து நாலஞ்சு தடவை சாத்திப் பார்த்தேன்.

மறுநாள் காலையில வந்து இறங்கினாங்க. நான் இங்கதான், இந்த நாற்காலியிலதான் உக்காந்திருந்தேன். மேல கதவு திறக்குது. பெட்டியை இழுக்குறாங்க. குழந்தை அதோட ரூமுக்கு ஓடுது. “அம்மா!”ன்னு ஒரு சத்தம். என்னா ஒரு சந்தோசம் அந்தக் குரல்ல! இப்ப இறங்கி ஓடி வரும், வந்து கழுத்தைக் கட்டிக்கும்னு எந்திரிச்சே நின்னுட்டேன். வரல. அப்பறம் அவரு ஒவ்வொரு ரூமா நடக்குறாரு, பீரோவைத் திறக்குறாரு, மூடுறாரு.

கொஞ்ச நேரம் கழிச்சு ஷைலா வந்துச்சு. கையைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாடியே குழந்தை.

“ஆன்ட்டி, நாங்க இல்லாதப்ப மேல யாராச்சும் வந்தாங்களா?”

எனக்குச் சிரிப்பு முட்டிக்கிட்டு வருது. நான்தான்னு டக்குனு சொல்லிட்டா அதுல என்ன இருக்கு? கொஞ்சம் விளையாடலாம்னு, “எனக்கென்ன தெரியும் ஷைலா? ராத்திரி ராத்திரி பொம்மைங்களே எந்திரிச்சு உக்காந்து ரக்கு நெய்ஞ்சிருக்கும்”னேன்.

தமாசுக்குச் சொன்னதுங்க. அந்தப் பொண்ணு சிரிக்கவே இல்ல. முகமெல்லாம் வெளுத்துப் போச்சு. ரயில்ல தூக்கம் இல்லாம வந்திருக்குமில்ல. குழந்தை என்னையே பார்த்துச்சு. அப்பறம் அம்மா சேலைக்குள்ள முகத்தை வெச்சுக்கிச்சு. அப்பவும் நான், “என்ன சாமி, அளவு சரியா இருக்கா?”ன்னு கேட்டேன். போயிட்டாங்க.

மறுநாள் ஒரு ஆள் வந்து மேல கதவுக்குப் புதுப் பூட்டுப் போட்டுட்டுப் போனான். பழைய பூட்டு மக்கர் பண்ணுதாம். எனக்கு ஒண்ணும் மக்கர் பண்ணலையே, பதினாலு நாளும் வெண்ணெய் மாதிரித் திறந்துச்சுன்னு சொல்ல வந்தேன், சொல்லல. பெனிட்டா அதுக்கப்பறம் கீழ வர்றதே இல்ல. ஸ்கூலு திறந்தாச்சு, பாடம் ஜாஸ்தி. ஆடி மாசம் அவரு வந்து, டிரான்ஸ்பர் ஆயிருச்சு, காலி பண்றோம்னாரு. ஆடியில யாராச்சும் வீடு மாத்துவாங்களா? ஆவணி வரைக்கும் இருங்கன்னு கெஞ்சினேன். அவங்க வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க, ஆடி ஆவணி எல்லாம் பாக்குறதில்லையாம். ஒரே நாள்ல சாமானை ஏத்திட்டாங்க.

சாவியோட ஒரு துணிக்கடைக் கவரையும் குடுத்துட்டுப் போச்சு ஷைலா. பிரிச்சுப் பார்த்தா, என் ரக்கு. ஏழும். மடிச்சு, அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டு.

இதுதான் அம்மிணி என் வயித்தெரிச்சல். இதுதான். கம்பெனியில சாம்பிள் வேண்டாம்னு திரும்பி வந்தா, அதோட கூட ஒரு சிவப்புச் சீட்டு வரும். அகலம் அரை சென்டிமீட்டர் கம்மி, கலர் ஒரு படி வெளுப்பு, குஞ்சம் ஒழுங்கில்லன்னு காரணம் எழுதியிருக்கும். எங்கயோ ஜெர்மனியில இருக்கிறவன், என் மூஞ்சியைக்கூடப் பார்த்ததில்ல, அவன் எழுதி அனுப்புவான். என் தலைக்கு மேல ஒண்ணரை வருசம் நடந்தவங்க ஒரு வரி எழுதல. கவரைக் கவுத்து உதறிப் பார்த்தேன். ஏழையும் அளந்து பார்த்தேன். ஒண்ணுகூட அளவு தப்பல.

இன்னொண்ணும் சொல்லணும். போன மாசம் பேங்க்குக்குப் போனேன், அதே சீட்டுல உக்காந்திருக்காரு ஜெனிஷ். என்னைப் பார்த்ததும் கம்ப்யூட்டருக்குள்ள தலையை விட்டுக்கிட்டாரு, வேலை மும்முரம். டிரான்ஸ்பரை கேன்சல் பண்ணிட்டாங்க போல. பாவம், அவசரப்பட்டு வீட்டை வேற காலி பண்ணிட்டாங்க. திரும்ப வர்றதுன்னா வாங்க, வீடு காலியாத்தான் இருக்குன்னு சொல்லலாம்னு நின்னேன், வரிசை நகர்ந்துருச்சு. ஸ்கூல் வேன்ல குழந்தையையும் பார்த்தேன். கை காட்டினேன். அதுவும் கையைத் தூக்குச்சு, தூக்கிட்டுப் பக்கத்துல இருந்த பொண்ணுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிச்சு. வெக்கம்.

இதோ, இதுதான் அந்த ஏழும். இந்த மஞ்சளைத் தொட்டுப் பாருங்க. உங்களுக்குக் குழந்தை இருக்குதுங்களா? பொம்பளைப் பிள்ளையா! எத்தனை வயசு? பொம்மை வீடு வெச்சிருக்கா? இல்லேன்னா என்ன, அட்டைப் பெட்டியில நானே...

ஏனுங்க, எந்திரிச்சிட்டீங்க? டீ வெக்கலாம்னு இருந்தேன்.

வீட்டுக்காரர்கிட்ட கலந்துட்டு ஃபோன் பண்றீங்க. சரி. பண்ணுங்க.

இல்ல, சித்த நில்லுங்க. ஒரு நிமிசம். அந்த நாலு பேரும் பாதியிலயே வாட்சைப் பார்த்தாங்க, நீங்க கடைசி வரைக்கும் கேட்டீங்க. அதனால உங்ககிட்டக் கேக்குறேன். வீடு வேண்டாம்னா வேண்டாம், நான் கோவிச்சுக்க மாட்டேன். ஏன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க. மேல ஏறிப் பாக்கக்கூட இல்லையே நீங்க.

என்னங்க? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க.

பயமா?

என்னைப் பார்த்தா? நாப்பத்தஞ்சு கிலோ இருக்க மாட்டேன் அம்மிணி, காத்தடிச்சா கேட்டைப் பிடிச்சுக்குவேன். என்னைப் பார்த்து யாருக்கு என்ன பயம்?

ம்.

பூட்டின வீட்டுக்குள்ள... ம். நல்லதுக்குத்தான் போனேன். இல்ல, நீங்க சொல்லுங்க. மெத்தை உறை... ம். யாரோ உள்ள வந்து படுத்துட்டுப் போன மாதிரி அவங்களுக்குத் தோணும்ங்கிறீங்க. பொம்மை அதுவா எந்திரிச்சு வந்து படுத்துக்கிச்சுன்னு குழந்தை... நான் தமாசுக்குத்தான் சொன்னேன். ஏழு வயசுக் குழந்தைக்கு அது தமாசுன்னு எப்படித் தெரியும்ங்கிறீங்க. ம்.

ஒண்ணு சொல்றேன். இதை அந்த நாலு பேருகிட்டயும் நான் சொல்லல. சொல்றதுக்கு இதுல ஒண்ணும் இல்லைன்னு நினைச்சிருந்தேன். அவங்க ஊர்ல இருந்து வந்த அன்னிக்கு ராத்திரியில இருந்து காலி பண்ற வரைக்கும், தினம் நடுராத்திரியில குடுகுடுன்னு ஓடுற சத்தம் கேக்கும். குழந்தை ரூம்ல இருந்து அப்பா அம்மா ரூமுக்கு. ஒரு நாள் விடாம. நான் கீழ முழிச்சுப் படுத்துக் கேட்டுட்டே இருப்பேன். பகல்ல மட்டும் இல்ல, ராத்திரியிலகூட எனக்குச் சத்தம் வருதேன்னு சந்தோசப்பட்டேன் அம்மிணி. ரெண்டு மாசம் சந்தோசப்பட்டேன். குழந்தை பயந்து ஓடியிருக்கு.

இல்ல, நீங்க உக்கார வேண்டாம். எனக்கு ஒண்ணும் இல்ல. கண்ணாடியைத் துடைச்சா சரியாப் போயிரும்.

சொன்னீங்களே, அது போதும். நல்லா இருப்பீங்க.

வந்ததே வந்தீங்க, வீட்டைப் பார்த்துட்டாவது போங்க. எடுக்குறதும் எடுக்காததும் உங்க இஷ்டம். இந்தாங்க சாவி. புதுப் பூட்டுக்கு உண்டானது மூணும் இந்தக் கொத்துலயே இருக்கு, என்கிட்ட வேற எதுவும் இல்ல. நான் மேல வரல. நீங்களே போங்க. உள்ள போனதும் தாழ்ப்பாளைப் போட்டுக்கங்க, கொஞ்சம் அழுத்தினா நல்லா விழும். போட்டுட்டு நிதானமா எல்லா ரூமுக்குள்ளயும் நடந்து பாருங்க. அவசரமே இல்ல. நான் இங்கயே உக்காந்திருக்கேன்.